பாவு மட்டும் துணியாகாது

கரையோரத்தின் கைகள் – 6

சென்ற இதழில் இங்கினியாகலை அணைக்கட்டில் நின்றோம். 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்கக் கம்பனி ஒன்றைக் கொண்டு ஆற்றை மறித்த கதையையும், சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்த கதையையும் பார்த்தோம். அந்தத் திட்டத்தோடுதான் அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் வந்தது. நீர்ப்பாசனத்துக்கும் கட்டட வேலைக்கும் வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் அங்கே உருவானார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.

அந்தத் தொழிற்கல்வி காட்டை வெட்டி எழுப்பிய புதிய நகரத்தில் வளர்ந்தது. கிழக்கே கடலோரமாக மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் ஊர்களிலும் தொழில் கற்பிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கரைவலைத் தோணியில் தண்டயலிடம் பொடியன் கற்றான். ஓடாவியின் பட்டறையில் கையாள் கற்றான். வீட்டு விறாந்தையில் உம்மாவிடம் மகள் கற்றாள். இந்த வாரம் அந்த விறாந்தைகளில் ஒன்றுக்குள் போவோம்.

எழுதப்படாத பாடத்திட்டம்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால் பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனை. இலங்கையில் கைத்தறி என்றால் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று. சாரனும் சேலையும் படுக்கைவிரிப்பும் இங்கிருந்து கொழும்புவரை போயின. ஒழுங்கைக்குள் நடந்தால் எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் நின்றுவிட்டது என்பதைக் காதாலேயே சொல்லிவிடலாம்.

தறி வீட்டில் பிள்ளை தொழில் கற்ற முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் முடிவதுதான் முதற் பாடம். பிறகு இராட்டையில் நூலைச் சுற்றித் தார் நிரப்புவது. இந்த வேலை பெரும்பாலும் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இருந்தது. அடுத்தது சாயம்: எந்தச் சூட்டில் இறக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எந்த நிறம் வெயிலில் வெளுக்கும் என்பவையெல்லாம் கண்ணும் கையும் பழகிப் பழகி வருபவை. அதற்கு மேல் பாவோடுதல். சாரனின் கட்டமும் கரையும் கணக்காக வரவேண்டுமென்றால் எந்த நிறத்தில் எத்தனை இழை என்று எண்ணி ஓட்டவேண்டும். ஓரிழை பிசகினாலும் முழுத்துணியிலும் அது தெரியும். பாவுக்குக் கஞ்சி போட்டு, விழுதிலும் அச்சிலும் ஒவ்வோர் இழையாகக் கோத்த பிறகுதான் மிதியில் கால் வைக்க விடுவார்கள். நாடா பறக்கும் வேகம் அதற்கும் பிறகு வருவது.

கணக்கு, வேதியியல், வடிவியல், பொறியியல் நான்கும் இந்தப் பாடத்திட்டத்தில் இருந்தன. பரீட்சைதான் இல்லை. துணியை விரித்துப் பார்க்கும் முதலாளியின் கண்தான் பரீட்சை.

ஆனால் இதை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடக் கூடாது. வீட்டுத் தறி கற்றுக்கொடுக்காதவையும் இருந்தன. புதிய வடிவத்தை வரையும் பயிற்சி அங்கே குறைவு. கணக்குப் புத்தகம் எழுதும் பழக்கம் குறைவு. நூல் எங்கிருந்து, எந்த விலைக்கு வருகிறது, துணி கடைசியில் எந்தக் கடையில் எவ்வளவுக்கு விற்கப்படுகிறது என்பதெல்லாம் நெசவாளியின் கைக்கு எட்டாத செய்திகள். தறிக்குள் நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தறிக்கு வெளியே நடப்பது தெரியாது. அவனுடைய வாழ்வையும் வீழ்ச்சியையும் தீர்மானித்தது அந்த வெளியுலகம்தான்.

கொழும்பில் அடைத்த கதவு

1960களில் இலங்கையின் வெளிநாட்டுச் செலாவணி வற்றத் தொடங்கியது. தேயிலையும் இறப்பரும் தேங்காயும் கொண்டுவந்த காசு போதவில்லை. அரசாங்கம் இறக்குமதியை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தியது. அந்தப் பட்டியலில் துணியும் சேர்ந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கதவை இன்னும் இறுக்கியது. வேயங்கொடை, துல்ஹிரிய, பூகொட போன்ற இடங்களில் அரச நெசவாலைகளின் பெயர் கேட்ட காலம் அது. வெளிநாட்டுத் துணி வராத நாட்டில் உள்நாட்டுத் தறிக்கு வேலை வந்தது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நூல் கிடைத்தது. கேட்ட அளவுக்கு எப்போதும் கிடைத்ததில்லை. ஆனால் கிடைத்த நூலைத் துணியாக்கினால் அது விற்காமல் தேங்கவில்லை. மருதமுனையில் தறி போடுவது ஒரு நம்பிக்கையான காரியமாக இருந்தது.

இந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் முதியவர்கள் உண்டு. அவர்களின் வீட்டுப் பெண்களோ பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலமும் அதுதான் என்பார்கள். இரண்டும் உண்மை. தறியை வாழவைத்த அதே கதவடைப்புத்தான் அடுப்படியை வாட்டியது.

1971: படித்தவனுக்கு வேலை எங்கே?

1971 ஏப்ரலில் தெற்கிலே மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சி வெடித்தது. துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டில் சர்வதேச தொழில் அமைப்பு, பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் அனுப்பிய குழு இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. அதன் சாரம் இது: இந்த நாட்டில் வேலை இல்லை என்பது பாதிக் கதை; பள்ளிக்கூடம் பிள்ளையின் மனதில் வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்பது மறுபாதி. பத்தாம் வகுப்புத் தாண்டியவன் மேசையும் நாற்காலியும் உள்ள உத்தியோகத்தை எதிர்பார்க்கிறான். நாட்டில் இருப்பதோ மண்வெட்டியும் வலையும் தறியும்.

இதற்கான மருந்தை அதற்கு முன்பே ஒருவர் எழுதியிருந்தார். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் கல்விக் குழு 1943இல் தந்த அறிக்கை இலவசக் கல்விக்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதே அறிக்கை, ஐந்தாம் வகுப்போடு பிள்ளைகளைத் தெரிந்து மூன்று வகைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பவேண்டும் என்றும் சொன்னது. மூன்றாம் வகை, தொழில் பழக்கும் செயல்முறைப் பாடசாலை. இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகள் வந்தன. செயல்முறைப் பாடசாலைகள் மட்டும் காகிதத்திலேயே தங்கிவிட்டன. தன் பிள்ளை மூன்றாம் வகைக்குப் போவதை எந்தப் பெற்றார் விரும்புவார்?

மஹ்மூத்தின் பரிசோதனை

1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுத்தீன் மஹ்மூத். 1904இல் மாத்தறையில் பிறந்தவர். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். கிழக்கு முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை அவர் பெயரில்லாமல் எழுத முடியாது.

1971இல் தேசியப் பயிலுநர் சட்டம் வந்தது. தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் இளைஞரைத் தொழில் பழக அனுப்புவதற்கான சபை அதன்கீழ் அமைந்தது. 1972இல் மஹ்மூத்தின் பெரிய சீர்திருத்தம் வந்தது. ஜி.சி.ஈ. சாதாரண தரம் போய், ஒன்பதாம் வகுப்போடு தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற புதிய பரீட்சை. ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொழில்சார்ந்த பாடம் கட்டாயம். எந்தத் தொழில்? அந்தந்த ஊரின் தொழில். கடலோரத்துப் பிள்ளை மீன்பிடியையும், வயலூர்ப் பிள்ளை வேளாண்மையையும், நெசவூர்ப் பிள்ளை தறியையும் பள்ளிக்கூடத்திலேயே பாடமாகப் படிக்கவேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைக் கேட்டதும் 1953 நினைவுக்கு வரும். சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பனின் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள்; 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. மஹ்மூத்தின் திட்டம் அதுவல்ல. சலவைத் தொழிலாளியின் மகனை மட்டும் சலவைக்கு அனுப்பும் திட்டமாக இது இருக்கவில்லை. வைத்தியரின் மகனும் மீனவனின் மகனும் ஒரே வாங்கில் இருந்து ஒரே தொழிலைப் படிக்கவேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நோக்கத்தில் நியாயம் இருந்தது.

நடைமுறைதான் வேறு கதை. தொழிற்பாடம் படிப்பிக்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்கோ தறியில் கை வைத்த பழக்கமில்லை. தறியில் கை வைத்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அவரிடம் சான்றிதழ் இல்லை. ஆகவே, விறாந்தையில் உம்மா பாவோட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை, வகுப்பறையில் நெசவைக் கரும்பலகையில் படித்தது. பாவு என்றால் நீளவாட்டு நூல், ஊடை என்றால் குறுக்கு நூல் என்று வரைவிலக்கணம் எழுதி மனப்பாடம் செய்தது. வீட்டில் அறிவாக இருந்தது பள்ளிக்கூடத்தில் பாடமாகி வற்றியது.

பெற்றார் போட்ட கணக்கு

இன்னொரு முரண் இன்னும் ஆழமானது. அதே அமைச்சரின் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிப்படுத்தும் தரப்படுத்தலும், 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களிடையே அது மூட்டிய மனக்கசப்பும் அதன் அரசியல் விளைவும் தனிக்கதை. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டத்துக்கோ அது ஒரு வாசலைத் திறந்தது. கல்முனைப் பிள்ளையும் வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம் என்பது முதன்முறையாக எட்டக்கூடிய கனவானது. ஆசிரியர் நியமனங்களும் பெருகின. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று வாத்தியாராவது இந்தக் கரையில் ஏற்கெனவே மரியாதையான பாதை.

அப்படியானால் பெற்றார் என்ன கணக்குப் போட்டிருப்பார்கள்? ஒரு பக்கம் மாதாமாதம் சம்பளமும் ஓய்வூதியமும் மாப்பிள்ளைச் சந்தையில் மதிப்பும் உள்ள உத்தியோகம். மறுபக்கம், நூல் வந்தால் ஓடி நூல் வராவிட்டால் நிற்கும் தறி. அமைச்சு ஒரு கையால் தொழிற்பாடத்தைக் கொடுத்தது. மறு கையால் பல்கலைக்கழக வாசலைக் காட்டியது. பிள்ளைகள் வாசலைப் பார்த்து ஓடினார்கள்.

கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர் என்ற சமூகவியலாளர் 1965இலேயே இதை எழுதிவிட்டார். தொழிற்பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நுழைத்தால் பிள்ளைகள் தொழிலை விரும்புவார்கள் என்பது திட்டமிடுவோரின் மயக்கம். எந்த வேலைக்குக் கூலியும் மதிப்பும் இருக்கிறதோ அந்த வேலைக்கான படிப்பைத்தான் மக்கள் தெரிகிறார்கள். அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை, நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். மருதமுனைப் பெற்றார் ஃபாஸ்டரைப் படித்ததில்லை. அவர் சொன்னதைச் செய்துகாட்டினார்கள்.

1977: கதவு திறந்தது, தறி நின்றது

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. பதியுத்தீன் மஹ்மூத் மட்டக்களப்புத் தொகுதியில் நின்று தோற்றார். அவருடைய பரீட்சையும் அவரோடு போனது. சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன. ஊர்த்தொழிலைப் பாடமாக்கிய பரிசோதனை, ஒரு பிள்ளை பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் தொடங்கி முடிந்துவிட்டது.

ஆண்டு முடியுமுன் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. ஆலையில் நெய்த மலிவுத் துணியும் செயற்கை நூல் துணியும் கடைகளில் வந்து குவிந்தன. கசங்காத, சாயம் போகாத, சீக்கிரம் காயும் துணி. அதைக் குறை சொல்ல முடியாது. வாங்கியவர்களில் நெசவாளியின் வீட்டாரும் இருந்தார்கள். நாடு முழுவதும் கைத்தறியும் சிறு விசைத்தறியும் நொடிந்தன. மருதமுனையிலும் பல தறிகள் நின்றன.

இந்த இடத்தை வாசகர் நிதானித்துப் பார்க்கவேண்டும். 1976இல் தறியில் இருந்தவனுக்கும் 1979இல் வேலையின்றி இருந்தவனுக்கும் திறமையில் ஒரு குறையும் இல்லை. அதே கை, அதே கண், அதே நாடா. மாறியது கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கொள்கை. மாற்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடைத்த கதவுக்குள் எந்தத் தொழிலும் என்றென்றும் வாழாது. ஆனால் கதவு திறக்கும்போது நெசவாளிக்குப் புதிய வடிவம் கற்றுக்கொடுக்க, நல்ல சாயம் கிடைக்கச்செய்ய, உல்லாசப் பயணிகளின் சந்தையைக் காட்ட அவகாசம் கொடுத்திருக்கலாம். பயிற்சி உண்மையாகவே தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில்தான் நெசவாளியைத் தனியே விட்டுவிட்டார்கள்.

தறியை விட்டு எழும்பியவர்களில் சிலர் வியாபாரத்துக்குப் போனார்கள். சிலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். தலைமுறையாகக் கற்ற நெசவுக்கு அங்கே விலையில்லை. சாரதி, கட்டடக் கூலி, வீட்டுப் பணிப்பெண் என்ற வேலைகளுக்கு விலை இருந்தது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைச் சட்டத்தால் நிறுவும் அளவுக்கு அந்த ஓட்டம் பெருகிவிட்டது.

சான்றிதழ் வந்த காலம்

பின்வந்தவற்றை இங்கே வேகமாகக் கடக்கிறேன். வரும் இதழ்களில் விரிவாக வரும். 1990ஆம் ஆண்டின் சட்டம் மூன்றாம்நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை வந்தது. அதே 1995இல் அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமும் இருக்கின்றன. ஒருகாலத்தில் கட்டடமே இல்லாத கரையில் இன்று கட்டடங்களுக்குக் குறைவில்லை.

2004 டிசம்பர் 26 காலை கடல் எழும்பியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தோணியும் தறியும் பட்டறையும் வீட்டோடு போயின. வீடுகளை மீளக் கட்டத் தொடங்கியபோது நாடெங்கும் மேசனுக்கும் ஓடாவிக்கும் தட்டுப்பாடு. பயிற்சி நெறிகள் பல வந்தன.

தேசிய தொழிற் தகைமை என்ற ஏழு படி ஏணியும் ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் நான்கு படிகள் கைவினைஞருக்கான சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இதில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் போகாமல் பட்டறையில் தொழில் பழகிய பாஸ் ஒருவர், மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டினால், முன்பு கற்றதை ஏற்றுக்கொண்டு அவருக்கும் சான்றிதழ் கொடுக்கலாம். 1972இல் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்த நெசவாளிக்கு, முப்பது ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்தது என்று இதைச் சொல்லலாம்.

ஆனாலும் இன்று கல்முனைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் இளைஞனைக் கேட்டால் அவன் கண் எங்கே இருக்கிறது என்பது தெரியும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். சான்றிதழை அவன் மதிக்கிறான். அது விமானச்சீட்டுக்கு உதவும் என்பதால். அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவனுடைய வாப்பும்மாவும் பெற்றாரும் போட்ட அதே கணக்கைத்தான் அவனும் போடுகிறான்.

எதிர்கால வேலைக்கு இளைஞரைத் தயார்ப்படுத்துவோம் என்று இப்போது மேடைதோறும் பேசுகிறார்கள். கணினி, செயற்கை நுண்ணறிவு, முதியோர் பராமரிப்பு என்று பட்டியல் நீள்கிறது. நல்லது, படிப்பிக்கட்டும். ஆனால் பேசுபவர்கள் மருதமுனையின் 1977ஐ ஒருமுறை வாசித்துவிட்டுப் பேசவேண்டும். பயிற்சி பாவு மாதிரி. எவ்வளவு கவனமாக எண்ணி ஓட்டினாலும் ஊடை வந்து குறுக்கே பாயாவிட்டால் அது நூலாகவே கிடக்கும். சந்தையும் கூலியும் மதிப்பும்தான் அந்த ஊடை. அந்த ஊடையைக் கையில் வைத்திருப்பவர்கள் இதுவரை கொழும்பில்தான் இருந்திருக்கிறார்கள். மருதமுனையில் இன்றும் சில வீடுகளில் தறி ஓடுகிறது. இத்தனைக்கும் பிறகு அது ஓடுவது, அந்தத் தறியில் இருப்பவர்களின் பிடிவாதத்தால் மட்டுமே.

அடுத்த இதழில், வளைகுடாவுக்குப் போன முதல் தலைமுறையோடு பயணிப்போம். உங்கள் வீட்டில் பழைய நாடாவோ அச்சோ பரணில் கிடந்தால், விறகாக்கிவிடாதீர்கள். அதைப் பிடித்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டிவையுங்கள்.

(தொடரும்)